தவளை வாயை மூடிய நாள்

எங்கள் சந்தில் யாரும் அலாரம் வைத்துத் தூங்கியதில்லை. ஷவ்கியின் கார் இருக்கும்போது அலாரம் எதற்கு? 1966ஆம் வருடத்து பியட் 1100. பச்சை நிறம், முன்னால் பிதுங்கிய இரண்டு விளக்குகள், அதனால் அதற்குத் தவளை என்று பெயர். அலெக்சாந்திரியாவின் உப்புக்காற்று அதன் சைலன்சரை எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. மிச்சம் இருந்தவை ஓட்டைகளும், அவற்றைச் சுற்றி ஷவ்கி கட்டிய கம்பியும்தான். சாவியைத் திருப்பினால் முதலில் ஓர் இருமல், அப்புறம் ஒரு வெடி, அப்புறம் டபடபவென்று எங்கள் கர்மூஸ் பேட்டை முழுக்கக் கேட்கும்.

ஷவ்கி டிராம் ஓட்டுபவர். நாளின் முதல் டிராம் அவருடையது. ஆகவே விடிவதற்கு முன்பே தவளை கத்தும். அது கத்தினால் ஸக்லூல் எழுந்து ஃபூல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். இரவெல்லாம் வெந்த மொச்சையின் மணம் சந்தை நிறைக்கும். ரொட்டிக் கடையில் ஷட்டரைத் தூக்குவார்கள். ஹமாதாவின் அம்மா மகனைப் பள்ளிக்கூடத்துக்கு உலுக்கி எழுப்புவாள். எழுந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை தவளையைத் திட்டுவது. இத்தனை வருடம் திட்டியும் ஒருவர்கூடக் கடிகாரம் வாங்கவில்லை.

என் பெயர் ஷஹாத்தா. சந்து முனையில் உள்ள இஸ்திரிக் கடை என்னுடையது. யார் புதுச் சட்டை எடுத்திருக்கிறார்கள், யார் திடீரென்று காலருக்குக் கஞ்சி போடச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். என் கடை வாசலில் நின்று ஊர்வம்பு பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வம்பு பேசுவதென்றால் உள்ளே வந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

ஷவ்கியைப் பற்றிப் பேச வம்பே கிடையாது. வாயில்லாப் பூச்சி. டிராமில் யாராவது சண்டை போட்டால் மற்ற ஓட்டுநர்கள் கத்துவார்கள். இவர் டிராமை அப்படியே நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்ப்பார். சண்டை போடுகிறவர்களை மற்ற பயணிகளே அடக்கிவிடுவார்கள். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. பிள்ளை இல்லை. இவ்வளவு மெதுவாகப் பேசுகிற மனிதருக்கு இவ்வளவு கத்துகிற காரை யார் தலையில் கட்டினார்களோ என்று எனக்கே ஆச்சரியம்.

ஷவ்கி வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் மூன்றாம் மாடி இன்ஸாஃப் அக்காவுடையது. கல்யாணப் பெண்களுக்கு உடை தைப்பவர். எங்கள் பகுதியில் பாதி மணப்பெண்கள் அவர் தைத்த வெள்ளை உடையில்தான் புருஷன் வீடு போனார்கள். அவரும் கணவரை இழந்தவர். ஒரே மகள் ரிஹாம், தந்தா நகரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அக்காவின் குரல் கீழே ரொட்டிக்காரனை மேலிருந்தே மிரட்டும். கயிற்றில் கூடையை இறக்கி, ரொட்டியை வாங்கி, ஒன்று கருகியிருந்தால் அதே கூடையில் திருப்பி அனுப்பும் ஆள்.

அந்தக் கூடைதான் எனக்கு முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது. ஒருநாள் ஷவ்கியின் யூனிஃபார்ம் கோட்டு அதில் இறங்கி வந்தது, அறுந்த பித்தான் தைக்கப்பட்டு. மறுநாள் ஷவ்கி கூடையில் எள் ஒட்டிய ரொட்டி வளையம் இரண்டை வைத்தார். அதற்கடுத்த வாரம் மாம்பழம். கூடை மேலே போகும்போது அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார், பின்னால் கழுதை வண்டிக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்துவதுகூடக் காதில் விழாமல். நான் சட்டையைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னாலும் முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் ஷவ்கி கடைக்குள் வந்து, வெளியே ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உட்கார்ந்தார்.

“ஷஹாத்தா, நான் அவங்ககிட்ட கேட்டுட்டேன்.”

“எதை அண்ணே?” என்றேன், தெரியாத மாதிரி.

“கல்யாணம் பண்ணிக்கலாமான்னு.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“யோசிக்கணுமாம். அதுக்கு முன்னாடி ஒருநாள் காலையில கடற்கரையில உட்கார்ந்து என்கூட ரெண்டு வார்த்தை நிம்மதியாப் பேசணுமாம். ஆனா ரிஹாமுக்கு அவங்க வாயாலதான் விஷயம் போகணுமாம். ‘நான் ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள சந்து வாயில விழுந்தா, அதோட இந்தப் பேச்சு முடிஞ்சது’ன்னு சொல்லிட்டாங்க.”

“டாக்ஸியில கூட்டிட்டுப் போங்க.”

“கேட்டேன். ‘டாக்ஸிக்காரன் நாக்கு உங்க காரை விட நீளம். அதுவுமில்லாம, இத்தனை வருஷமா மேலேர்ந்து தவளையோட முதுகையே பார்த்துட்டு இருக்கேன், ஒருநாள் உள்ள உட்காரணும்’னு சொல்றாங்க.” அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். “அதைக் கிளப்பினா செத்தவன்கூட எழுந்து உட்காருவான். என்ன பண்றது?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் முகத்தைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது. மறுநாளே அவரை என் மச்சான் பயூமியிடம் கூட்டிப் போனேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவனுக்குச் சைலன்சர் பட்டறை. சுவர் முழுக்கக் குழாய்கள் தொங்கும். வருகிறவன் எல்லாம் இளவட்டம். எல்லோருக்கும் தெரு அதிர வேண்டும். பயூமி ஒவ்வொரு குழாயையும் கம்பால் தட்டி, அது எப்படி உறுமும் என்று வாயாலேயே செய்து காட்டுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“சொல்லுங்க அண்ணே, இது வேணுமா? ம்ம்ம்ர்ர்ரூம்! இல்ல, இது? பட்பட்பட்பட்!”

“எனக்குச் சத்தமே வேணாம் தம்பி” என்றார் ஷவ்கி.

பயூமி என்னைப் பார்த்தான். “மச்சான், இவர் என்ன சொல்றாரு?”

“காது கேக்கலையா? சத்தம் வேணாமாம்.”

“சத்தம் இல்லாம எதுக்கு என்கிட்ட வரணும்? சைக்கிள் வாங்கிக்க வேண்டியதுதானே!” அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. பிறகு காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான், குனிந்து அடியில் பார்த்தான், பழைய குழாயைத் தொட்டான். அது கையோடு வந்தது. “இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும். சரி அண்ணே, எவ்வளவு அமைதி வேணும்?”

“ஒரு சந்து தூங்கிட்டு இருக்கும். அது எழுந்திரிக்கக் கூடாது.”

பயூமி தாடையைச் சொறிந்தான். இந்த மாதிரி வேலை அவனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கோபம் போய், கண்ணில் வேறு ஏதோ வந்துவிட்டது.

வேலை நாங்கள் நினைத்த மாதிரி லேசில் முடியவில்லை, சாயங்காலம் வரை இழுத்தது. கடையில் விற்கிற சைலன்சர் டப்பாவை மாட்டிப் பார்த்தான். தவளை கத்துவதை விட்டுவிட்டு முனகியது. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்றை வரிசையாக மாட்டினான்; சத்தம் செத்தது, கூடவே இன்ஜினும் செத்தது. பட்டறைக்குப் பக்கத்து மேட்டில் பாதி தூரம் ஏறி, பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. நானும் ஷவ்கியும் தள்ளிக்கொண்டு வந்தோம்.

“புகை வெளிய போகணும்ல! மூக்கையும் வாயையும் பொத்தினா மாடி ஏற முடியுமா?” என்று பயூமி எங்களைத் திட்டினான், மூன்று டப்பாவை மாட்டியது என்னவோ நாங்கள் என்பதுபோல.

கடைசியில் அவனே தகடு வெட்டி ஒரு நீள டப்பா செய்தான். அதற்குள் நெடுக ஓட்டை போட்ட அகலக் குழாய், அதைச் சுற்றி இரும்புப் பஞ்சு. புகை நேராகப் போகும், சத்தம் மட்டும் பஞ்சில் சிக்கிக்கொள்ளும் என்றான். காரின் அடிப்பாகம் தாழ்வு. உருண்டையாக இருந்தால் தரை தட்டும். அதனால் டப்பாவை முட்டை வடிவத்துக்குத் தட்டினான். குழாய் உடம்பில் எங்கும் தொடக் கூடாது, தொட்டால் தகரமெல்லாம் சேர்ந்து அதிரும் என்று பழைய டயரை அறுத்து ரப்பர் பட்டை செய்து அதில் தொங்கவிட்டான். ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவினான். எங்கே குமிழி விட்டதோ அங்கே மறுபடி பற்றவைத்தான். ஷவ்கி காருக்கு அடியில் இருந்த வேலைப் பள்ளத்தின் விளிம்பில் குந்தியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிரசவ வார்டு வாசலில் நிற்கிற புருஷன் முகம்.

எல்லாம் முடிந்ததும் பயூமி உள்ளே உட்கார்ந்தான். ஷவ்கி தள்ளிப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“ம்... கிளப்பு தம்பி” என்றார்.

பயூமி உள்ளேயிருந்து பல்லைக் காட்டினான்.

“கிளப்புப்பா, சீக்கிரம்.”

“அது ஓடிட்டு இருக்கு அண்ணே!”

ஷவ்கி கண்ணைத் திறந்தார். ஓடிப்போய்ப் பின்னால் குனிந்து குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தார். சூடான காற்று அடித்தது. பயூமியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பயூமியின் முகத்து எண்ணெய் எல்லாம் அவர் சட்டைக்கு வந்தது; அதைப் பிறகு துவைத்துத் தேய்த்தவன் நான்தான். மேட்டிலும் தவளை மூச்சு வாங்காமல் ஏறியது. அன்று சாயங்காலம் சந்து முழுக்கக் காபிக் கடையில் கால்பந்து ஆட்டத்தில் கிடந்தது. தவளை பூனை மாதிரி வந்து தன் இடத்தில் நின்று உறையைப் போர்த்திக்கொண்டதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாளைக்கு ஷவ்கி லீவு சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை விடிகாலை நான் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். ஷவ்கி உறையைக் கழற்றி ஓரமாகப் போட்டார். இன்ஸாஃப் அக்கா ஆகாச நிறத்தில் முக்காடு போட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார். கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்கள். கார் நகர்ந்தது. டயர் மண்ணில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் படுத்திருந்த பூனை கார் போன பிறகும் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம். போய்ப் படுத்தேன்.

படுத்தவன் நன்றாகத் தூங்கிவிட்டேன். நான் மட்டுமல்ல, சந்தே தூங்கிவிட்டது. அந்த மடத்தனம் எங்கள் யார் புத்திக்கும் எட்டவில்லை. தவளையின் வாயைக் கட்டினால் எங்களை யார் எழுப்புவது?

ஸக்லூலின் அலறலில்தான் கண் விழித்தேன். வெயில் சுவரில் பாதி ஏறியிருந்தது.

“அடி பிடிச்சுப் போச்சே! முழுப் பானையும் அடி பிடிச்சுப் போச்சே! ஏன்டா ஒருத்தரும் எழுப்பல?”

மாடி மாடியாக ஜன்னல்கள் திறந்தன. ரொட்டிக்காரன் பாதி உடையில் ஓடினான். ஹமாதாவின் அம்மா, மகனின் புத்தகப் பையோடு நடுத்தெருவில் நின்று எல்லோரையும் திட்டினாள். திட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

“தவளை கத்தலையே.”

எல்லோரும் ஷவ்கியின் வீட்டை அண்ணாந்து பார்த்தார்கள்.

“போன வாரம்தான் நெஞ்சு எரியுதுன்னு சொன்னாரு” என்றான் ஸக்லூல். அது என் கடையில் ஊறுகாயை அள்ளித் தின்றதால் வந்த எரிச்சல். ஆனால் யார் கேட்டார்கள்? எல்லோரும் ஷவ்கியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. அதற்குள் யாரோ கீழே காலி உறையைப் பார்த்துவிட்டார்கள்.

“காரைக் காணோம்!”

“சத்தம் கேக்கலையே, எப்படிப் போகும்?”

“தள்ளிட்டுப் போயிருக்காங்க! திருட்டுப் பசங்க!”

“அப்போ ஷவ்கி அண்ணன்? உள்ள கட்டிப் போட்டிருப்பாங்களோ?”

அவ்வளவுதான், கதவை உடைத்துவிட்டார்கள். உள்ளே படுக்கை ஒழுங்காக மடித்திருந்தது. யூனிஃபார்ம் ஆணியில் தொங்கியது. கொலோன் வாசனை அறை முழுக்க. டிராம் ஷெட்டுக்கு போன் செய்தால் லீவு என்றார்கள். பிறந்ததிலிருந்து லீவே போடாத மனிதர்! ஸக்லூல் படியில் உட்கார்ந்து விட்டான். தினமும் தவளையை அதிகமாகத் திட்டுகிறவன் அவன்தான். அன்று அதிகமாக அழுததும் அவன்தான்.

“என் அண்ணனைக் கடத்திட்டாங்க... எத்தனை நாள் அவரை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கேன்...”

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஷவ்கியின் கல்யாணம் போய்விடும். கடைக்குள் போய் மும்முரமாகச் சட்டை தேய்த்தேன். ஹமாதாவின் அம்மா வாசலில் வந்து நின்றாள்.

“ஊரே அழுவுது. நீ மட்டும் என்ன பேசாம இருக்க?”

“எனக்கு வேலை இருக்கு.”

“இஸ்திரிப் பெட்டிக்குப் பிளக்கே மாட்டலையே!”

நல்லவேளை, அப்போது ஸக்லூலின் போன் அடித்தது. கடலோரத்தில் கார் நிறுத்த இடம் காட்டிப் பிழைக்கிற ஆட்களில் ஒருவன் அவனுக்குச் சித்தப்பா மகன். அவனிடம் சொன்னால் அவன் அடுத்தவனிடம் சொல்வான், இப்படியே கடற்கரை நெடுகத் தகவல் ஓடும். போலீஸைவிட வேகம்.

“கிடைச்சிருச்சு! ஸ்டான்லி பாலத்துக்கிட்ட பச்சை பியட் நிக்குதாம்!” ஸக்லூல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவன் குரல் மாறியது. “உள்ள ஒரு பொம்பளை இருந்தாளாம்.”

“பொம்பளையா!” என்றாள் ஹமாதாவின் அம்மா. “அவதான் கும்பலுக்குத் தலைவி!”

ஒரு மைக்ரோபஸ், இரண்டு மோட்டார் சைக்கிள், ரொட்டிக் கடை வண்டி. சந்தே ஏறிக்கொண்டது. ஒருத்தி கையில் பூரிக்கட்டை. நான் கடையைச் சாத்திவிட்டுக் கடைசியாகத் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் டயர் பஞ்சராக வேண்டும் என்று வேண்டினேன். ஆகவில்லை.

தவளை கடலைப் பார்த்து நின்றிருந்தது. பக்கத்தில் தாழ்வான சுவரின் மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் காகிதத்தில் சூடான ஃபத்தீர் அடுக்கு ரொட்டியும் தேனும். அக்கா ஏதோ சொல்ல, ஷவ்கி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்படி ஒரு சத்தமான சிரிப்பு இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

பிறகு அவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

“இன்ஸாஃப் அக்கா?” என்றாள் ஹமாதாவின் அம்மா. பூரிக்கட்டை தானாக இறங்கியது.

ஷவ்கி துள்ளி எழுந்தார். முகம் வெளுத்துவிட்டது. “இந்த அம்மா பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தாங்க... நான் தற்செயலா... வழியில பார்த்து...” பாவம், அவருக்குப் பொய் சொல்லவே வராது. என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன், கழுத்து வலிக்கிற அளவுக்கு.

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஸக்லூல் ஒற்றைச் செருப்போடு, அழுது வீங்கிய கண்ணோடு நின்றான். ரொட்டிக்காரன் இன்னும் பாதி உடையில். யாரோ ஒருத்தி ஷவ்கிக்காக நெஞ்சுவலி மாத்திரை கொண்டு வந்திருந்தாள்.

“என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்?” என்றார் அக்கா.

“தவளை கத்தலை அக்கா” என்று விம்மினான் ஸக்லூல். “அண்ணன் செத்துட்டாருன்னு நினைச்சோம்.”

அக்கா ஷவ்கியைப் பார்த்தார். ஷவ்கி தரையைப் பார்த்தார். சந்து வாயில் விழுந்தால் முடிந்தது என்று சொன்னவர் அவர். இப்போது சந்து மொத்தமும் வாயைத் திறந்துகொண்டு முன்னால் நிற்கிறது.

அக்கா கையில் ஒட்டிய தேனைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். “நான் என் பொண்ணுகிட்டப் பேசணும். அவளுக்கு நான்தான் முதல்ல சொல்லணும். அதுவரைக்கும் ஒருத்தர் வாயைத் திறந்தீங்க, அப்புறம் இருக்கு!”

சத்தியமாகச் சொல்கிறேன், கர்மூஸில் பிறந்தவர்கள் அத்தனை பேர் ஒரே இடத்தில் பேசாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். ஹமாதாவின் அம்மா தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள்.

“ரிஹாம்? அம்மா பேசறேன். இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கேளு. நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்.” அதட்டியே பழகிய அந்தக் குரல் நடுங்கியது. “யாரா... நம்ம எதிர் வீட்டு ஷவ்கி.”

அலை வந்து கல்லில் மோதியது. எல்லோரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தோம்.

“டிராம் மணி அடிக்க என்னைத் தூக்கி விடுவாரே, அவரா?” போனில் ரிஹாமின் குரல் எங்களுக்கே கேட்டது.

“ஆமாம்டி.”

அதற்குப் பதிலாக வந்தது குலவை. தந்தாவிலிருந்து, அந்தச் சின்னப் போனுக்குள்ளிருந்து, நீளமான குலவை. ஹமாதாவின் அம்மா அதற்குமேல் பொறுக்கவில்லை. கையை எடுத்துவிட்டு அவளும் குலவையிட்டாள், எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஸக்லூல் ஷவ்கியைத் தூக்கிச் சுற்றினான். ஷவ்கி அழுதார். நானும்தான் அழுதேன், யாருக்கு என்ன?

ஹார்னை அடித்துக்கொண்டு ஊர்வலமாகத் திரும்பினோம். நடுவில் தவளை மட்டும் ஊமையாக வந்தது. பாதி வழியில் அக்கா ஜன்னல் வழியே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

“ஷஹாத்தா! உன் மச்சான் பட்டறை வழியாப் போ. விஷயம் ஊருக்கே தெரிஞ்சாச்சு. இந்த வாய்க்கட்டைக் கழட்டச் சொல்லு.”

பயூமி தலையில் அடித்துக்கொண்டான். “நேத்துதானே உயிரைக் கொடுத்துச் செஞ்சேன்!” டப்பாவைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தான். கடைசியில் டப்பாவுக்கு முன்னாலேயே ஒரு கிளைக்குழாயும் மூடியும் வைத்து, ஷவ்கியின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு பிடி கொடுத்தான். பிடியை இழுத்தால் மூடி திறந்து தவளை பழைய குரலில் கத்தும். விட்டால் வாயை மூடிக்கொள்ளும். அக்கா தானே பிடியை இழுத்துப் பார்த்தார். டபடபவென்று பட்டறைச் சுவரில் குழாய்கள் எல்லாம் ஆடின. “இப்போதான் இது கார்” என்றார்.

கல்யாணத்தன்று அந்த மூடி சாத்தப்படவே இல்லை. தன் கல்யாண உடையை அக்காவே தைத்துக்கொண்டார். அதைத் தேய்த்தவன் நான். உடைத்த கதவை ஸக்லூல் சரிசெய்து கொடுத்தான்.

இப்போது வேலை நாட்களில் விடிகாலையில் தவளை கத்துகிறது, நாங்கள் எழுந்து திட்டுகிறோம். ஷவ்கி வெள்ளிக்கிழமையை ஓய்வு நாளாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று விடிகாலையில் பிடியை இழுக்காமல் இருவரும் கடற்கரைக்குப் போகிறார்கள். அக்கா இன்னும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். அன்று எங்களை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜன்னல் இடுக்கிலும் ஒரு கண் இருக்கும். ஒருவரும் மூச்சு விட மாட்டோம். கார் நகர்ந்ததும் அக்கா ஜன்னல் வழியே கையை நீட்டி, மூடியிருக்கிற எங்கள் ஜன்னல்களைப் பார்த்து டாட்டா காட்டிவிட்டுப் போவார்.